நடுப்பலகையில் உட்கார மாட்டேன்

கனூ என்கிற படகில் நடுப்பலகையில் உட்காருகிறவருக்குத் துடுப்பு கிடையாது. முன்னால் இருப்பவர் தண்ணீரைத் தள்ளுவார், பின்னால் இருப்பவர் திசை பார்ப்பார். நடுவில் சோற்று மூட்டை, குடை, கைக்குழந்தை, கிழட்டு நாய் இவற்றை வைப்பார்கள். ஜெர்மனியின் வடக்கே ஓர் ஏரியில் என்னையும் அங்கேதான் வைத்தார்கள். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. இந்த மாதிரி சமயங்களில் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். அன்றைக்கும் நன்றாகவே வந்தது.

திருப்பூரில் அண்ணனுடைய பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர் கேட்கும் துணி, நிறம், அளவு, தேதி எல்லாவற்றையும் தலையில் வைத்துக்கொண்டு, சாயம் போடும் டையிங்காரர் முதல் பேக்கிங் வரை எல்லோரோடும் சண்டை போடுகிற வேலை. இரண்டு வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டது. தொடையிலிருந்து செருப்பு வரைக்கும் இரும்புக் காலிப்பர், இடது கையில் ஊன்றுகோல். சண்டை போடுவதற்கு இவை இரண்டும் தடையாக இருந்ததே இல்லை.

ஏற்றுமதிக்கு அளவு கட்டியிருந்த கோட்டா ஒழிந்து ஆர்டர்கள் கொட்டிய வருடங்கள் அவை. குழந்தைகளின் இரவு உடுப்பு வாங்கும் ஜெர்மன் கம்பெனி ஒன்று அடுத்த சீசன் சாம்பிள்களோடு நேரில் வரச் சொன்னது. நான் தனியாகவே போய்விட்டு வருகிறேன் என்றேன். "நீ எப்படியம்மிணி போவே?" என்றார் அண்ணன். இந்த "எப்படி"யை நான் விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் எப்படி, காலேஜ் எப்படி, கல்யாணம் எப்படி. கடைசியில் அவரும் கிளம்பினார். பள்ளி லீவு என்பதால் நங்கையும், அதாவது அண்ணன் மனைவியும், ஒன்பதாவது படிக்கும் மகள் கீர்த்தனாவும் சேர்ந்துகொண்டார்கள்.

அண்ணனுக்கு இங்கிலீஷ் வராது. "வெளிநாட்டுல எனக்கு வாய் அம்மிணி, அம்மிணிக்குக் கால் நானு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். முதல் பாதி உண்மை.

சாம்பிள் வேலை நல்லபடியாக முடிந்தது. அந்தக் கம்பெனியின் தரப் பிரிவைப் பார்க்கும் உர்சுலா என்ற அம்மாள் ஐம்பத்தைந்து வயதுக்காரி. தையலில் ஒரு ஊசி ஓட்டை இருந்தாலும் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிடுவாள். அவளே எங்களை ஏரிக்கரையிலிருக்கும் தன் வீட்டுக்கு ஐந்து நாள் வந்து இருக்கும்படி அழைத்தாள். என்னோடு ஏழு வருடமாக மின்னஞ்சலில் சண்டை போடுகிறவள். சண்டைக்காரிகளுக்குள் ஒரு மரியாதை உண்டு.

முதல் நாள் உர்சுலாவோடு ரயிலில் போனோம். நடுவில் ஓர் இடத்தில் வண்டி மாற வேண்டும். அந்த ஸ்டேஷனில் லிஃப்ட் ஓடவில்லை. ஜெர்மனியில் எல்லாம் ஓடும் என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். மாடிப்படி இருபத்தாறு. நான் ஒரு கையில் கைப்பிடியும் மறு கையில் ஊன்றுகோலுமாக ஏற ஆரம்பித்தேன். நாலாவது படியில் அண்ணன் பின்னால் வந்து, ஒரு வார்த்தை கேட்காமல், துணி ரோலைத் தூக்குவது போல என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வண்டியைப் பிடித்துவிட்டோம். அவருக்கு அதில் பெருமை. நான் அரை மணி நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எதிர் இருக்கையில் ஒரு தாயும் நாலைந்து வயதுப் பெண் குழந்தையும். குழந்தை என் காலையே பார்த்தது. தாயிடம் ஏதோ கேட்டது. தாய் ஏதோ பதில் சொன்னாள். உர்சுலா எனக்கு மொழிபெயர்த்தாள்: "இந்த அக்காவின் காலில் ஏன் இரும்பு இருக்கிறது என்று கேட்கிறாள். எனக்குத் தெரியாது, அவளையே கேள் என்று அம்மா சொல்கிறாள்." குழந்தை என்னிடமே கேட்டது. கால் வலுவில்லை, இரும்பு பிடித்துக்கொள்கிறது என்று உர்சுலா மூலமாகச் சொன்னேன். அதற்குப் போதுமாக இருந்தது, மறுபடி பிஸ்கட் தின்னப் போய்விட்டது. எங்கள் ஊர் பஸ்ஸில் என்னைப் பற்றிப் பக்கத்தில் இருப்பவரிடம்தான் கேட்பார்கள். "பாப்பாவுக்குப் பொறந்ததுல இருந்தேங்களா?" நான் செவிடும் கூட என்று அவர்களுக்கு எண்ணம்.

ஏரியைப் பார்த்ததும் நங்கை கேட்ட முதல் கேள்வி, "இதுல முதலை இருக்குங்களா?" என்பது. எங்கள் பக்கம் இவ்வளவு தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் அமராவதி அணைக்குத்தான் போக வேண்டும். அங்கே முதலை உண்டு. உர்சுலாவிடம் கேட்டுச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, வாத்து கொஞ்சம் கடிக்கும் என்றாள்.

கரையில் நின்று பார்த்தால் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிந்தது. தண்ணீருக்கு நிறமே இல்லை. நொய்யலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது கொஞ்ச நேரம் உறுத்தலாகவே இருந்தது. எங்கள் ஆற்றில் இன்றைக்குச் சிவப்பு ஓடுகிறதா நீலம் ஓடுகிறதா என்று பார்த்தே டையிங்கில் எந்த ஆர்டர் போகிறது என்று சொல்லிவிடலாம். அந்தச் சிவப்பிலும் நீலத்திலும் பாதியை ஒப்புதல் செய்து கையெழுத்துப் போட்டது நான்தான். அதை வெள்ளைக்காரியின் கரையில் நின்றுகொண்டு மறைக்க விருப்பமில்லை. உர்சுலாவிடமே சொன்னேன். "நிறத்தைக் கேட்டது நான்" என்றாள் அவள்.

இரண்டாம் நாள் காலை நங்கை சமைத்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த அரிசி, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி எல்லாம் இருந்தது. கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலைத் திறந்து உலையில் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு பொங்கியது. இந்த ஊரில் சாதாரணத் தண்ணீரையும் சோடாவாகத்தான் விற்கிறார்கள். "போச்சாது, சோடாவுல வெந்தா என்ன, சோறு சோறுதான்" என்று நங்கை அதிலேயே வடித்துப் புளிச்சோறு கிளறினாள். அனுப்பர்பாளையத்தில் வாங்கிய எவர்சில்வர் தூக்குப்போசியில் அடைத்துக்கொண்டோம். உர்சுலா தன் கனூவைத் தண்ணீரில் தள்ளினாள்.

பின்னால் உர்சுலா, முன்னால் அண்ணன். நடுவில் இரண்டு பலகை. ஒன்றில் தூக்குப்போசியோடு நங்கை, இன்னொன்றில் நான். கீர்த்தனா அடுத்த நடைக்கென்று கேமராவோடு கரையில் நின்றாள். எனக்கும் ஒரு துடுப்பு கொடுங்கள் என்று கேட்டேன். அண்ணன், "நீ கம்முனு ஒக்காந்து வேடிக்கை பாரு கண்ணு" என்றார். பிறகு பையிலிருந்து ஒரு துணிப் பட்டையை எடுத்தார்.

பனியன் கழுத்துக்கும் கைக்கும் வைத்துத் தைக்கும் துணிக்கு ரிப் என்று பெயர். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதில் விழும் கழிவுப் பட்டைகளால்தான் திருப்பூர்க்காரர்கள் எதையும் கட்டுவார்கள். கதவு, கேரியர், மாடு, பெட்டி, சைக்கிளில் வைத்த குழந்தை. எங்கள் சூட்கேஸ்களும் அப்படிக் கட்டித்தான் வந்திருந்தன. அந்தப் பட்டையை என் இடுப்பைச் சுற்றி, உட்கார்ந்திருந்த பலகையோடு சேர்த்து, இரட்டை முடிச்சாகப் போட்டார். "வுழுந்துராம இருக்கோணும்ல" என்றார். என்னுடைய மிதவைச் சட்டைக்குக் கீழே அது ஒளிந்துகொண்டது.

அவர் அப்படிச் செய்ததற்குக் காரணம் உண்டு. எனக்கு நீச்சல் பழக்கியதே அவர்தான். எங்கள் பக்கம் கிணற்றில்தான் நீச்சல் பழகுவோம். பிள்ளையின் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பெரியவர் படியில் நிற்பார். என்னைக் கிணற்றில் இறக்கக் கூடாது என்று வீடே எதிர்த்தபோது, இறக்கியவர் அண்ணன். அதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். கிணற்றுக் கயிற்றின் மறுமுனை ஒரு மனிதர் கையில் இருந்தது. இந்தப் பட்டையின் மறுமுனை படகில் இருந்தது. அந்த வித்தியாசம் அவருக்கும் தோன்றவில்லை, அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை. எனக்கு இருந்தது அவமானம் மட்டும்தான்.

ஒரு மணி நேரம் சுற்றினோம். நாணல், வாத்து, தூரத்தில் மரங்கள் அடர்ந்த ஒரு சின்னத் தீவு. எல்லாம் அழகுதான். கட்டிப்போட்டு அழகைக் காட்டினால் அதுவும் வெறுத்துப் போகும்.

திரும்பிக் கரைக்கு முப்பது அடி இருக்கும்போது அது நடந்தது. எங்கள் டவுன் பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும். நிறுத்தம் வந்த பிறகு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், வருவதற்கு முன்பே எழுந்து நின்றுகொள்வார்கள். இல்லாவிட்டால் இறங்க முடியாது. கரை பக்கத்தில் வந்ததும் அண்ணன் எழுந்து நின்றார். அவர் எழுந்ததைப் பார்த்து, தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு நங்கையும் எழுந்தாள். உர்சுலா ஜெர்மனில் ஏதோ கத்தினாள். படகு புரண்டது.

தண்ணீர் இடுப்பளவுதான். தலைகீழாகக் கட்டப்பட்டவளுக்கு இடுப்பளவு போதும். படகு எனக்கு மேலே கவிழ்ந்து கிடந்தது, ஒரே இருட்டு. மூக்கில் தண்ணீர் ஏறியது. மிதவைச் சட்டை என்னை மேலே தள்ள, பட்டை என்னைப் பலகையோடு இழுத்தது. முதலில் முடிச்சைத் தேடினேன். பிறகு விட்டுவிட்டேன், நனைந்த பருத்தி முடிச்சை எந்தக் கொம்பனாலும் அவிழ்க்க முடியாது. ஆனால் ரிப் எவ்வளவு நீளும் என்பது என் தொழில். இரண்டு கட்டை விரலையும் உள்ளே விட்டு, வளையத்தை இழுத்து அகட்டி, இடுப்பிலிருந்து கீழே தள்ளினேன். காலிப்பரின் முட்டிப் பூட்டில் போய் மாட்டியது. இன்னொரு இழு இழுத்தேன். வந்துவிட்டது.

படகைப் பிடித்துக்கொண்டு நான் எழுந்து இருமியபோது, அண்ணன் நங்கையை நிமிர்த்திக்கொண்டிருந்தார். தூக்குப்போசி மூடி திறக்காமல் கரையோரமாக மிதந்து போனது. கீர்த்தனா கேமராவைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். யாரும் என்னைக் காப்பாற்றவில்லை. எழுத்தில் இது இருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு ஊரில் கதை வேறு விதமாகச் சொல்லப்பட்டது.

உர்சுலாவின் முகம் வெளுத்திருந்தது. "அவர் முடிச்சுப் போட்டதை நான் பார்த்தேன். ஏதோ உங்கள் சாமி கயிறு என்று நினைத்துவிட்டேன்" என்றாள். ஊசி ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கண்!

மத்தியானம் வீட்டில் அண்ணன் சாப்பிடவில்லை. "இனித் தண்ணிப் பக்கமே நீ போகக் கூடாதம்மிணி. உன்னைய உசுரோட ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சேத்துனாப் போதும் எனக்கு."

"கட்டுனது யாருங்ணா?" என்று கேட்டேன்.

நங்கை என் கையைப் பிடித்து, "வுடு கண்ணு, அவிங்க பயந்துட்டாங்க" என்றாள்.

"நானும்தானுங் பயந்தேன். படகுக்கு அடியில இருந்தது நானு. கட்டுனவரு பயந்தா நான் கரையில ஒக்காரோணுமா?"

"கெணத்துல கட்டுனாப்லதானம்மிணி கட்டுனேன்" என்றார் அண்ணன். தலையைக் குனிந்துகொண்டு எழுந்து வெளியே போனார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்து உட்கார்ந்தால் அதோடு சரி என்பதும் தெரிந்தது. அந்த ஐந்து நாளில் நான் மறுபடி தண்ணீரில் இறங்காமல் ஊர் திரும்பினால், அதற்குப் பிறகு என் வாழ்நாளில் எந்தத் தண்ணீரிலும் இறங்கப் போவதில்லை. "பட்டாச்சே, போதாதா?" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி நிறுத்திவிடுவார்கள். தண்ணீரோடு அது நிற்கவும் நிற்காது.

மூன்றாம் நாள் மழை தூறியது. அண்ணனும் நங்கையும் உர்சுலாவோடு கடைவீதிக்குப் போனார்கள். நானும் கீர்த்தனாவும் ஏரிக்கரையில் ரொட்டிக்குள் வறுத்த மீனும் பச்சை வெங்காயமும் வைத்துத் தின்றுகொண்டிருந்தோம். காரம் இல்லை, ஊறுகாயைத் தடவிக்கொண்டோம். அப்போது தண்ணீரில் ஒரு கிழவி வந்தாள். எழுபது வயதுக்குக் குறையாது. ஒல்லியான, மேலே மூடிய படகு. நடுவில் ஒரே ஒரு பொந்து, அதற்குள் அவள் இடுப்பு வரை உட்கார்ந்திருந்தாள். துடுப்புக்கு இரண்டு பக்கமும் தட்டை. தண்ணீரை இந்தப் பக்கம் ஒரு வாரு, அந்தப் பக்கம் ஒரு வாரு. முன்னால் யாரும் இல்லை, பின்னால் யாரும் இல்லை. கால் இருக்கிறதா இல்லையா என்று வெளியே தெரியவே இல்லை.

"அத்தை, அது கயாக்" என்றாள் கீர்த்தனா.

"எங்க கெடைக்கும்னு பாரு" என்றேன்.

கொஞ்ச தூரத்தில் வாடகைப் படகுக் கொட்டகை இருந்தது. ஹென்னிங் என்று ஓர் ஆள், தாடியும் ரப்பர் பூட்ஸுமாக. நான் கயாக் வேண்டும் என்றதும் மேலும் கீழும் பார்த்தான். எடை என்ன, நீச்சல் தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்றேன். காலைக் காட்டி, "இது தள்ளுமா?" என்றான். தள்ளாது என்றேன். "சரி" என்று சொல்லி, படகுக்குள் குனிந்து வலது பக்கத்துக் கால்மிதியைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு ரப்பர்ப் பஞ்சுக் கட்டையைத் திணித்தான். "அடேயப்பா" என்று கூட அவன் சொல்லவில்லை, "ஐயோ" என்றும் சொல்லவில்லை. நல்ல கட்டிங் மாஸ்டர் அளவு எடுப்பது போல எடுத்தான். எனக்கு அவனை மிகவும் பிடித்துப்போயிற்று.

ஒரு நிபந்தனை சொன்னான். தனியாக விட வேண்டுமானால், முதலில் அவன் கண் முன்னால் படகைக் கவிழ்த்து, தலைகீழாக இருந்து, தானாக வெளியே வந்து காட்ட வேண்டும். எல்லோருக்கும் அதே சட்டம்தான். இரும்பு போட்டுக்கொண்டு இறங்கக் கூடாது. நாளைக் காலை பத்து மணிக்கு வா என்றான்.

கவிழ்வதற்கு எனக்குப் பயமில்லை, ஒரு தடவை பார்த்தாகிவிட்டது. பயம் இரும்பைக் கழற்றுவதில். பெரியவளான பிறகு என் காலை வெறுமையாகப் பார்த்தவர்கள் டாக்டர்களும் அம்மாவும்தான். ஹாஸ்டலில் நாலு வருடம் விளக்கை அணைத்த பிறகுதான் கழற்றுவேன். கம்பெனியில் தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு வரும் பெண்கள் என்னிடம் எதையும் பேசுவார்கள், அந்தக் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேச விட்டதில்லை. எல்லோரோடும் சண்டை போடுகிற நான் அதை மட்டும் இத்தனை வருடமாக ஒளித்து வைத்திருந்தேன்.

நாலாம் நாள் காலை, கொட்டகையின் மரத்துறையில் உட்கார்ந்து, வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். வாடகைக்கு வந்திருந்த ஒரு குடும்பம் பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும் என்று விட்டேன். மணிக்கட்டு கனம் கூட இல்லாத கால், வெயிலே படாமல் வெளிறிக் கிடந்தது. கீர்த்தனா ஒரு கணம் பார்த்தாள். பிறகு, "அத்தை, உங்க கை மட்டும் எப்படி இத்தாத்தண்டி இருக்குதுன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள். காலுக்கும் சேர்த்து உழைத்த கை அது. உட்கார்ந்தபடியே நகர்ந்து பொந்துக்குள் இறங்கினேன்.

மார்பளவு தண்ணீருக்குத் துடுப்பால் வாரிக்கொண்டு போனேன். ஹென்னிங் பக்கத்தில் நின்று தலையாட்டினான். ஒரு பக்கம் சாய்ந்தேன். உலகம் தலைகீழானது. இந்தத் தடவை கட்டு எதுவும் இல்லை. பொந்தின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி ஓர் உந்து உந்தினேன். மேலே வந்து மூச்சு விட்டபோது எதிரே நின்றது ஹென்னிங் இல்லை. பேண்ட், சட்டை, பாக்கெட்டில் பேனா சகிதம் மார்பளவு தண்ணீரில் அண்ணன் நின்றார். எங்களைத் தேடி வந்தவர், நான் கவிழ்வதைப் பார்த்துவிட்டு அப்படியே ஓடி வந்து இறங்கியிருக்கிறார்.

"ஏனம்மிணி இப்படிப் பண்றே?" என்று என் தோளைப் பிடிக்க வந்தார்.

"தொடாதீங்ணா. நானே வந்துட்டேன். நீங்க பாத்தீங்களா இல்லீங்களா?"

பார்த்திருந்தார். அது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் ஹென்னிங் பக்கம் கையைக் காட்டி, "இந்த ஆளுகிட்டச் சொல்லு, உனக்குப் படகு கீது குடுக்கக் கூடாதுன்னு அண்ணன் சொல்றாருன்னு சொல்லு" என்றார்.

ஹென்னிங் என்னைப் பார்த்தான். தண்ணீரில் நின்ற எங்கள் மூவரில் தமிழும் இங்கிலீஷும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இத்தனை வருடம் எத்தனையோ மீட்டிங்கில் அண்ணன் சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு, "இவர் என் அண்ணன். இவருக்கும் ஒரு கயாக் வேண்டுமாம்" என்றேன்.

ஹென்னிங் சந்தோஷமாகப் போய் மஞ்சள் நிறத்தில் பெரிய கயாக் ஒன்றைத் தூக்கி வந்து அவர் முன்னால் மிதக்கவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். எங்கள் ஊர்ப் பழக்கம் எனக்குத் தெரியும். ஒருவர் நமக்கென்று கொண்டுவந்து வைத்த காப்பியை, இலையில் போட்ட பலகாரத்தை, இழுத்துப் போட்ட நாற்காலியை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு நாக்கு எழாது. வயிறு நிறைந்திருந்தாலும் ஒரு வாய் தின்றுதான் எழுவோம். அண்ணன் அந்த மஞ்சள் படகைப் பார்த்தார், ஹென்னிங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னம்மிணி சொன்னே இவருகிட்ட?"

"உங்களுக்கும் வேணும்னு சொன்னனுங்ணா."

"கொண்டாந்துட்டாரே மனுசன்" என்று முனகினார். அவரையும் ஹென்னிங் ஒரு தடவை கவிழ்த்து எடுத்தான். மூக்கில் தண்ணீரோடு மேலே வந்தவர் என்னைத் திட்டவில்லை. "அடியில இருட்டா இருக்குதம்மிணி" என்றார். "ஆமாங்ணா" என்றேன்.

அன்று மாலை வரைக்கும் கரையோரமாகப் பழகினோம். அவர் வட்டமடித்துக்கொண்டே இருந்தார். நங்கை, "நா வர மாட்டனுங்க சாமி" என்று சொல்லிக்கொண்டே கீர்த்தனாவோடு இரட்டைக் கயாக்கில் ஏறி, எங்கள் எல்லோரையும்விட நேராகப் போனாள். துடுப்பு கொடுத்தால்தானே தெரியும் யாருக்கு வரும் என்று! கனூ உர்சுலாவின் வீட்டு ஓரத்தில் குப்புறக் கிடந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் தீவுக்குப் போவது என்று முடிவு. திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் போகிற ஒரு கிலோமீட்டர் தூரம்தான் இருக்கும். நங்கையும் கீர்த்தனாவும் இரட்டைக் கயாக்கிலும், உர்சுலா ஒரு வாடகைக் கயாக்கிலுமாகப் பின்னால் வந்தார்கள். காலிப்பரும் ஊன்றுகோலும் உர்சுலாவின் படகில். நானும் அண்ணனும் முன்னால். பாதித் தூரம் போனதும் காற்று எழுந்தது. தண்ணீர் சின்னச் சின்ன மேடாக வந்து படகின் பக்கவாட்டில் அடித்தது. அண்ணன் படகு திரும்பித் திரும்பி நின்றது.

"அம்மிணி, திரும்பு! போதும், கரைக்குப் போயர்லாம்!"

திரும்பிப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் உர்சுலா வருவது தெரிந்தது. அவருக்கு ஆபத்து இல்லை.

"நா போறனுங்ணா! நீங்க மெதுவா வாங்க!"

"சொன்னாக் கேளம்மிணி!"

கேட்கவில்லை. படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பிக்கொண்டு வாரினேன். தோள் எரிந்தது, உள்ளங்கை கொப்பளித்தது. பயமாகவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஏரியில் என் படகு நான் வாரிய பக்கம் போயிற்று. நான் நிறுத்தினால் நின்றது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இரண்டு காலும் நன்றாக இருக்கிறவர்களுக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

தீவில் ஒரு வழுவழுப்பான பாறை தண்ணீருக்குள் சரிந்திருந்தது. அதில் படகை ஏற்றினேன். மேலே ஏழெட்டுப் பேர் ஜமுக்காளம் விரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். என் இரும்பு இன்னும் ஏரி நடுவில் வந்துகொண்டிருந்தது. பொந்திலிருந்து கையை ஊன்றி உடம்பை வெளியே எடுத்து, பாறையில் தவழ்ந்து ஏறினேன். கால் பின்னால் இழுபட்டு வந்தது. ஓர் ஆள் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான். "வேண்டாம்" என்றேன், தமிழிலேயே. அவனுக்குப் புரிந்தது. நான் ஏறி உட்கார்ந்ததும் எல்லோருமாகக் கை தட்டினார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. படகிலிருந்து இறங்கியதற்கு எந்த ஊரில் கை தட்டுவார்கள்? நான் முறைத்த முறைப்பில் நிறுத்திவிட்டு ரொட்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

கால் மணி நேரம் கழித்து மஞ்சள் படகு வந்தது. வழியில் இரண்டு தடவை முழு வட்டம் அடித்தார். முகம் சிவந்து, மூச்சு வாங்க, பாறைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நானும் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. இறங்கப் பார்த்தார். படகு இந்தப் பக்கம் சாய்ந்தது. மறுபடி பார்த்தார், அந்தப் பக்கம் சாய்ந்தது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டார். முதலில் ஓடிவந்த அதே ஆள் மறுபடி எழுந்து வந்து அவருக்கும் கையை நீட்டினான். அண்ணன் அந்தக் கையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அம்மிணி, எனக்கு எந்திரிக்கத் தெரீல. சித்த இந்தப் படகப் புடிச்சுக்கறயா?"

யாரும் என்னிடம் அப்படி எதையும் கேட்டதில்லை. பாறையில் சறுக்கிக் கீழே இறங்கி, தண்ணீரில் உட்கார்ந்து, மஞ்சள் படகின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பற்றினேன்.

"மெதுவா எறங்குங்ணா" என்றேன். "நா புடிச்சிருக்கறன்."